சவுரிமுத்து மேல ஒரு தப்பும் இல்ல

பொன்னியம்மாள்: இல்ல சார், இங்க ஒண்ணும் விழல. நீங்க வேற வூட்டுக்குப் போகணும்.

சம்பத்: அம்மா, இது சிட்லபாக்கம் ஏரிக்கரை பொன்னியம்மாள் வீடுதானே?

பொன்னியம்மாள்: ஆமா. பால்காரப் பொன்னியம்மா வூடு. அதுக்கு?

சம்பத்: உங்க பேர்தான் எழுதியிருக்கு. போன வெள்ளிக்கிழமை தென்ன மரம் சாஞ்சு, வீட்டை ஒட்டின ரூம் இடிஞ்சுபோச்சுன்னு.

பொன்னியம்மாள்: ரூமா... எந்த ரூமு?

சம்பத்: உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கே, அது.

பொன்னியம்மாள்: அது பழசு சார். தானா உக்காந்துகிச்சு.

சம்பத்: அதுமேல ஒரு தென்ன மரம் படுத்திருக்கே.

பொன்னியம்மாள்: படுத்துக்கினுதான் கீது. நான் இன்னா பண்ணட்டும், எழுப்பி வுடவா?

சம்பத்: மரம் தெரியக் கூடாதுன்னு அதுமேல நாலு பாயும் ஒரு ஜமக்காளமும் காயப் போட்டிருக்கீங்க. நான் போலீஸ் இல்லம்மா.

பொன்னியம்மாள்: போலீஸ்காரன் எவன் தன்னைப் போலீஸுன்னு சொல்லிக்கினு வரான். பேண்ட்டு, ஷூ, கையில நோட்டு, தோள்ல கேமரா... நீ யாரு தம்பி, மொதல்ல அத்த சொல்லு.

சம்பத்: சர்வேயர்.

பொன்னியம்மாள்: ஏரி அளக்க வந்தியா? எங்க பட்டா எங்க மாமனார் காலத்துது. பெட்டியில கீது, எடுத்தாரட்டுமா?

சம்பத்: நிலம் அளக்கறவன் இல்லம்மா. இன்சூரன்ஸ் சர்வேயர். பேரு சம்பத். ஏதாவது இடிஞ்சா, ஒடைஞ்சா, என்ன போச்சு, யாரால போச்சுன்னு நேர்ல பாத்து எழுதறது என் வேலை. சானடோரியத்துல ரயில விட்டு இறங்கி, இந்த வெயில்ல நடந்தே வந்திருக்கேன். கொஞ்சம் தண்ணி குடுங்க.

பொன்னியம்மாள்: தண்ணி இன்னாத்துக்கு, மோரு கீது. இந்தா... நெழல்ல உக்காரு. யாரால போச்சுன்னா எழுதுவே?

சம்பத்: ஆமா.

பொன்னியம்மாள்: அப்ப எழுதிக்கோ. சவுரிமுத்து மேல ஒரு தப்பும் இல்ல.

சம்பத்: நான் இன்னும் அவர் பேரையே சொல்லலையே.

பொன்னியம்மாள்: ...உப்பு சரியா கீதா?

சம்பத்: சரியா இருக்கு. மரம் வெட்டற சவுரிமுத்துதான் எங்க கம்பெனியில இன்சூரன்ஸ் போட்டிருக்கார். மரம் விழுந்த விஷயத்தை அவர் வீட்லேர்ந்து எங்களுக்குச் சொன்னாங்க, அதனாலதான் வந்திருக்கேன்.

பொன்னியம்மாள்: அது எனக்குத் தெரியும். மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனி. புயல்ல முறிஞ்ச மரமெல்லாம் வெட்டறதுக்கு இவனக் கூப்ட்டாங்க. கேட்ல நிக்கறவன், 'நீ வெட்டி எங்க சுவத்த இடிச்சா யாரு கட்றது, இன்சூரன்ஸ் பேப்பரு கொண்டா, அப்பால உள்ள வா'ன்னுட்டானாம். இவன் ரெண்டு நாளு அலைஞ்சு அந்தப் பேப்பர வாங்கினு வந்து, எங்கிட்டதான் மொதல்ல காட்டினான். சீலு வெச்சிருந்துது. அன்னிக்கே எனக்குப் பயம். சீலு வெச்ச பேப்பர்ல பேரு ஏறுச்சுன்னா, என்னிக்காச்சும் ஒருத்தன் வூட்டு வாசல்ல வந்து நிப்பான். இன்னிக்கி நீ வந்து நிக்கறே.

சம்பத்: அவரக் காப்பாத்தத்தான் பாய் போட்டீங்களா?

பொன்னியம்மாள்: நல்ல ஆளு சார் அவன். இந்த ஏரிக்கரை மொத்தத்துலயும் அவன் கை படாத மரம் கெடையாது. மேல ரெண்டு கரெண்டு கம்பி, கீழ ஒரு ஓட்டு வூடு, நடுவுல நின்னுக்கினு கீற மரத்தக்கூட துண்டு துண்டா எறக்கிடுவான். மரம் விழுந்த அன்னிக்கி, தோ அந்தக் கிணத்து மேட்டுல தலையில கைய வெச்சுக்கினு உக்காந்தவன், பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்கல. 'சோறு துன்னுடா'ன்னேன். துன்னல. மறுநா காலையில அவன் பொண்டாட்டி செல்வமேரி வரா. கையில ஒரு துணி முடிச்சு. இன்னாடின்னு அவுத்துப் பாத்தா, அவ கம்மலு. 'அக்கா, இத்த வெச்சு ரூமு கட்டிக்கோ'ங்கறா. எனக்கு வந்துது பாரு கோவம். 'போட்டுக்கினு வூட்டுக்குப் போடி'ன்னு அனுப்பி வுட்டேன்.

சம்பத்: சரிம்மா. அந்த ரூம் எதுக்கு வெச்சிருந்தீங்க?

பொன்னியம்மாள்: எம் பொண்ணு சரசுக்கு. கூடுவாஞ்சேரியில கட்டிக் குடுத்துக்கீது. இப்ப ஆறு மாசம். தலைப்பிரசவம் சார், அம்மா வூட்டுலதானே பாக்கணும். அவ மாமியாக்காரி கொஞ்சம் கறாரு. 'பொண்ணும் கொழந்தையும் படுக்க தனியா ரூமு கீதா, ஒழுவாம கீதா, நான் வந்து கண்ணால பாப்பேன், அப்பாலதான் அனுப்புவேன்'னுட்டா. வளைகாப்புக்கு இன்னும் இருவது நாளு. அதுக்காவத்தான் வெள்ளையடிச்சு, புது சிமெண்ட் ஷீட்டு போட்டு... ஷீட்டு போட்டப்பறம் அண்ணாந்து பாக்கறேன், நேரா தென்ன மரம். ஒரு தேங்கா விழுந்தா கொழந்த கதி இன்னா? சவுரியக் கூப்ட்டு மரத்த வெட்டச் சொன்னேன்.

சம்பத்: தேங்கா விழும்னு பயந்து...

பொன்னியம்மாள்: மரமே விழுந்துடுச்சு. சிரிக்காத தம்பி. சிரிச்சுக்கோ, பரவால்ல. எனக்கே மூணாம் நாளு சிரிப்பு வந்துது.

சம்பத்: நீங்க சொன்னதை எழுதிட்டேன். படிக்கறேன், கேளுங்க. 'தென்னை மரம் எவருடைய கவனக்குறைவாலும் சாயவில்லை என்றும், மரம் வெட்டும் தொழிலாளியான சவுரிமுத்து தமது வேலையில் குறை ஏதும் வைக்கவில்லை என்றும், அறை தானாகவே இடிந்தது என்றும் வீட்டு உரிமையாளர் திருமதி பொன்னியம்மாள் தெரிவிக்கிறார்.'

பொன்னியம்மாள்: ரேடியோவுல படிக்கற மாதிரியே கீது. எங்க கையெழுத்து?

சம்பத்: கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். இதுல போட்டீங்கன்னா உங்களுக்கு ஒரு செங்கல்கூட வராது.

பொன்னியம்மாள்: எனக்கா? எனக்கு எங்கேர்ந்து வரும்?

சம்பத்: கம்பெனியிலேர்ந்து. சவுரிமுத்து வேலை செய்யறப்போ தப்பு பண்ணி, அதால அடுத்தவங்க பொருள் போச்சுன்னா, அவருக்குப் பதிலா கம்பெனி கட்டித் தரும். அதுக்குத்தான் இந்த இன்சூரன்ஸ். அவர் மேல தப்பே இல்லன்னா எங்களுக்கு இங்க வேலையே இல்ல. நான் மோர் குடிச்சுட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

பொன்னியம்மாள்: தப்பு பண்ணாத்தான் குடுப்பீங்களா?

சம்பத்: ஆமா.

பொன்னியம்மாள்: ஒழுங்கா வேலை செஞ்சா?

சம்பத்: ஒண்ணும் கிடையாது.

பொன்னியம்மாள்: இன்னா தம்பி, ஊரு ஒலகத்துல இல்லாத நியாயமா கீது. அப்பால அந்தக் காச சவுரி கையிலேர்ந்து புடுங்குவீங்க.

சம்பத்: இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவ கட்டறார். அதோட சரி.

பொன்னியம்மாள்: ஜெயிலு?

சம்பத்: இல்ல.

பொன்னியம்மாள்: கோர்ட்டு, வக்கீலு?

சம்பத்: அதுவும் இல்ல.

பொன்னியம்மாள்: செல்வமேரி கம்மலு?

சம்பத்: காதுலயே இருக்கும்.

பொன்னியம்மாள்: ...அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போடு.

சம்பத்: கிழிச்சுட்டேன்.

பொன்னியம்மாள்: மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? சொம்மா பேஜார் பண்ணிக்கினு... இப்ப எழுது. எல்லாம் சவுரியாலதான். அவனாலதான் எம் பொண்ணு ரூமு போச்சு. அவனுக்குக் கண்ணு தெரியாது.

சம்பத்: தெரியாதா?

பொன்னியம்மாள்: கொஞ்சம் தெரியும். அன்னிக்கி நல்லா குடிச்சுட்டு வந்தான்.

சம்பத்: குடிச்சிருந்தா பாலிசி செல்லாதும்மா.

பொன்னியம்மாள்: மோருதான் குடிச்சான். நாந்தான் குடுத்தேன். அவனுக்கு எம்மேல ரொம்ப நாளா ஒரு கோவம். வேணும்னே தள்ளி வுட்டான்.

சம்பத்: வேணும்னு தள்ளியிருந்தாலும் செல்லாது.

பொன்னியம்மாள்: எந்தத் தப்புதான்யா உங்களுக்குச் செல்லும்?

சம்பத்: வேலை தெரிஞ்ச மனுஷன், அன்னைக்கு ஒரு விஷயத்துல அசந்துட்டார். அந்த மாதிரித் தப்பு. ஆனா நடந்ததைத்தான் சொல்லணும். நான் பொய் எழுத மாட்டேன்.

பொன்னியம்மாள்: அவ்ளோ சின்னத் தப்பா... இரு, யோசிக்கறேன். ஆங், எழுது. அவனுக்கு வயசாயிடுச்சு. கை நடுங்குது. மரம் எந்தப் பக்கம் சாயும்னுகூட தெரியாத முட்டாப் பய...

சவுரிமுத்து: யாருக்கா முட்டாப் பய?

பொன்னியம்மாள்: ஐயோ சவுரி... நீ எப்ப வந்தே?

சவுரிமுத்து: கண்ணு தெரியாதுன்னியே, அப்பவே வந்துட்டேன். அந்த மரத்தத் துண்டு போட்டு எடுத்துடலாம்னு ரம்பம் எடுத்தாந்தேன். பாரு, கையப் பாரு. நடுங்குதா?

சம்பத்: நீங்கதான் சவுரிமுத்துவா? வாங்க, உக்காருங்க. இன்சூரன்ஸ்லேர்ந்து வந்திருக்கேன்.

சவுரிமுத்து: நிக்கறேன் சார். அக்கா... ஒரு வாரமா நான் சோறு துன்னல. நீ இங்க உக்காந்து என்னைக் குடிகாரன், குருடன்னு...

பொன்னியம்மாள்: குடிகாரன வாபஸ் வாங்கிட்டேன்டா.

சம்பத்: கோவப்படாதீங்க. உங்க மேல தப்பு இருந்தாத்தான் இவங்க ரூமைக் கம்பெனி கட்டித் தரும். இப்பதான் இவங்களுக்கு அது புரிஞ்சுது. நீங்களும் சொல்லுங்க. மரம் தப்பான பக்கம் சாஞ்சுது. யாரு தப்பு? உங்க தப்பா?

சவுரிமுத்து: இல்ல.

பொன்னியம்மாள்: டேய், ஆமான்னு சொல்லுடா.

சவுரிமுத்து: எப்டிக்கா சொல்ல முடியும்? இருவத்திரண்டு வருசம். பதினஞ்சு வயசுல எங்கப்பன் கூட கயிறு புடிக்க வந்தவன். தோள்ல பாரு சார், காய்ச்சுப் போயி மாட்டுத் தோலு மாதிரி கீது. எனக்குப் பத்து ஏக்கரா கீது? படிப்பு கீது? 'சவுரி வெட்டினா ஓடு ஒண்ணு ஒடையாது'ன்னு நாலு பேரு சொல்றான் பாரு, அத்த வெச்சுத்தான் எங்க வூட்ல அடுப்பு எரியுது. கவர்மெண்டு பேப்பர்ல 'இவன் தப்பு பண்ணவன்'னு நீ எழுதிட்டுப் போயிடுவே. நாளைக்கு எவன் கூப்புடுவான்?

சம்பத்: அந்தப் பேப்பரை யாரும் படிக்க மாட்டாங்க. ஃபைல்ல போய்த் தூங்கும்.

சவுரிமுத்து: நான் படிப்பேன் சார்.

சம்பத்: உங்களுக்குப் படிக்க...

சவுரிமுத்து: படிக்கத் தெரியாது. ஆனா எழுதிக்கீதுன்னு தெரியுமில்ல.

பொன்னியம்மாள்: சரசு மாமியா வந்து நின்னா நான் எத்தக் காட்றதுடா? மரத்தக் காட்டவா?

சவுரிமுத்து: ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து நானே கட்டித் தரேன்.

பொன்னியம்மாள்: இருவது நாள்ல எத்தினி ஞாயித்துக்கிழமைடா வரும்? மூணு. மூணு நாள்ல ரூமு எழும்புமா? செங்கல்லு யாரு குடுப்பா, உன் பொண்டாட்டி காதா?

சம்பத்: சண்டை வேணாம். யாரு தப்புங்கறதை விட்டுடுவோம். எப்படி நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க. மரம் எந்தப் பக்கம் சாயணும்னு நெனச்சீங்க?

சவுரிமுத்து: ஏரிப் பக்கம். அங்கதான் காலி எடம் கீது.

சம்பத்: அந்தப் பக்கம் சாய வைக்கறதுக்கு?

சவுரிமுத்து: மேல ஏறி மட்டை, தேங்காக் கொலை எல்லாம் கழிச்சுட்டு, கழுத்தாண்ட கயிறு கட்டிடுவோம். அந்தக் கயித்து நுனிய, சாய வேண்டிய பக்கத்துல நல்லா கெட்டியா கீற ஒண்ணுல இழுத்துக் கட்டணும். அப்பாலதான் அடியில கோடாலி வைக்கறது. கயிறு எந்தப் பக்கம் இழுக்குதோ மரம் அந்தப் பக்கம் வரும்.

சம்பத்: ஏரிப் பக்கம் கெட்டியா எது இருக்கு?

சவுரிமுத்து: ...வேப்ப மரம்.

சம்பத்: ஆனா இப்ப கயித்து நுனி மாடு கட்டற கல் கம்பத்துல இருக்கே. அது ரூம் பக்கம்.

சவுரிமுத்து: கீது சார். கம்பத்துலதான் கீது.

சம்பத்: அங்க யாரு கட்டினது?

சவுரிமுத்து: ...காத்து அடிச்சுது சார் அன்னிக்கி.

சம்பத்: காத்து வந்து முடிச்சு போட்டுட்டுப் போச்சா?

பொன்னியம்மாள்: அவன வுடு தம்பி. நாந்தான்.

சவுரிமுத்து: அக்கா, சும்மா இரு.

பொன்னியம்மாள்: நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? ஒரு வாரமா இத்த யார்கிட்டயும் சொல்லாம வெச்சுக்கினு கீறேன். தம்பி, அது வெறும் வேப்ப மரம் இல்ல. அம்மன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதுக்கு விளக்கு ஏத்தறேன். மஞ்சத் துணி அந்தாண்ட பக்கமா கட்டிக்கீது, இவன் பாக்கல போல. இவன் மூஞ்சி கழுவ கிணத்தாண்ட போனான். நான் விளக்கு எடுத்துக்கினு வந்து பாக்கறேன், மரத்துல கயிறு. ஆத்தா இடுப்புல கயிறு கட்டி இழுக்கற மாதிரி இருந்துச்சு. அதுவும் வெள்ளிக்கிழமை. மனசு கேக்கல. அவுத்துக் கொண்டுபோயி கல் கம்பத்துல கட்டிட்டேன். மாடு கட்ற முடிச்சு, நல்லா கெட்டியாத்தான் கட்டினேன். கயிறு எங்க இருந்தா இன்னா, மரம் அவன் சொன்ன பக்கம்தானே விழும்னு நெனச்சேன். எம் பொண்ணு ரூம நானே இழுத்துப் போட்டுக்கினேன். இன்னா தம்பி, பேனாவ மூடறே?

சம்பத்: வீட்டுக்காரங்களே கயித்தை மாத்திக் கட்டியிருந்தா, அது அவர் தப்பு ஆகாதும்மா. எங்க பாலிசியில வராது. நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். சொல்லிட்டீங்க. கேட்டதை நான் கேக்காத மாதிரி எழுத முடியாது.

பொன்னியம்மாள்: எழுதாத. பரவால்ல. சவுரி பேரு கெடாம இருந்தா சரி. எம் பொண்ணு கூடத்துல படுத்துக்கட்டும். நடுவுல ஒரு பொடவையக் கட்டித் தடுத்துட்டா ரூமுதான். மாமியாக்காரி கிட்ட, இதுதான் இப்ப மெட்ராஸ்ல பேஷனுன்னு சொல்லிடறேன். நீ இன்னும் கொஞ்சம் மோரு குடி.

சவுரிமுத்து: சார், பேனாவத் தொற.

சம்பத்: எதுக்கு?

சவுரிமுத்து: தொற சார். அக்கா கயித்த அவுத்தத நான் பாத்தேன்.

பொன்னியம்மாள்: பாத்தியா?

சவுரிமுத்து: கிணத்தாண்டேர்ந்து. மூஞ்சியில தண்ணி ஊத்திக்கினு திரும்பறேன், நீ முடிச்சு அவுத்துக்கினு கீறே. கம்பத்துல கட்றதையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் வந்து கோடாலி வெச்சேன்.

பொன்னியம்மாள்: பாவி, அப்ப ஏன்டா வாயத் தொறக்கல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா...

சவுரிமுத்து: எப்டி சொல்றது? மஞ்சத் துணிய அப்பதான் பாக்கறேன். நான் கோயிலுக்குப் போறவன் இல்ல, மாதா சர்ச்சுக்குப் போறவன். நான் போயி உங்க அம்மன் மரத்துல கயிறு கட்டிக்கீறேன். வேற யாரா இருந்தாலும் ஊரக் கூட்டியிருப்பாங்க. நீ ஒரு வார்த்த பேசாம, எனக்குத் தெரியக் கூடாதுன்னு பதுங்கிப் பதுங்கி மாத்திக் கட்னே. அப்ப உங்கிட்ட வந்து 'கயித்த ஏன் எடுத்தே'ன்னு கேக்க எனக்கு வாய் வரல. அது பாதி. இன்னொரு பாதியக் கேளு சார், அத்தத்தான் நீ எழுதணும். ரூமுக்கும் மாட்டுக் கொட்டாய்க்கும் நடுவுல நாலு மொழம் எடம் கீது பாரு. கல் கம்பத்து இழுப்புல, அந்த நாலு மொழத்துல மரத்தப் படுக்க வெச்சுடலாம்னு நானா ஒரு கணக்குப் போட்டேன். படுக்க வெச்சுட்டு, அக்காவ அண்ணாந்து பாக்க வெக்கணும்னு ஒரு திமிரு. ரெண்டு மொழம் தப்பிப் போச்சு. காத்து இல்ல, அக்கா இல்ல, அம்மனும் இல்ல... 'சவுரிமுத்து தப்பு'ன்னு நல்லா கொட்ட எழுத்துல எழுது சார், கைநாட்டு எங்க வெக்கணும்னு காட்டு, வளைகாப்புக்கு இருவது நாளுதான் கீது.